சோதனைப் பதிப்பைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் என் கடை. கணினி பழுது பார்ப்பதும், அழைப்பிதழ், மனு, பில் புத்தகம் போன்றவற்றுக்கு டிடிபி செய்து கொடுப்பதும் தொழில். புதிய இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பு வந்துவிட்டது என்று யூடியூபில் யாராவது சொன்ன பத்தாம் நாள், பாலக்கோட்டிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைக்கிறேன்.

என் கடையில் நடந்ததைச் சொல்லும்போது எந்த நிறுவனத்தின் இயங்குதளம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால், “அதனால்தான் நான் மற்றதைப் போட்டேன்” என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்துவார். அவருடைய கணினியும் இப்போது என் மேசையில்தான் திறந்து கிடக்கிறது.

சோதனைப் பதிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

வேலை முடியாத நிலையிலேயே ஊராரிடம் கொடுத்துப் பார்க்கும் பதிப்பு. அதிலும் படிகள் உண்டு. விண்டோஸில் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் கேனரி என்ற படியைச் சேர்த்தார்கள். அதற்கு அடுத்து டெவ், பிறகு பீட்டா, கடைசியில் ரிலீஸ் ப்ரிவியூ என்று வைத்தார்கள். முதல் இரண்டும் பிஞ்சு. கடைசிப் படி கிட்டத்தட்டப் பழுத்தது. ஆப்பிள் ஜூன் மாத மாநாட்டில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு முதலில் கொடுக்கும், பொதுமக்களுக்குச் சில வாரம் கழித்து. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு, ஏப்ரல் மற்றும் அக்டோபர் வெளியீடுகளுக்குச் சில வாரம் முன்பு பீட்டா விடும். இந்தப் படிகளில் எது எது என்று பார்க்காமல், பட்டியலில் மேலே இருப்பதை அழுத்திவிட்டு வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்.

புதியது வேகமாக இருக்கும் என்றார்களே, பழையதைவிட ஏன் இழுக்கிறது?

கணினியை என்னிடம் கொடுத்ததும் நான் முதலில் பார்ப்பது உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். இன்றைய இயங்குதளங்கள், சுழலாத வேகமான எஸ்எஸ்டி இருக்கும் என்று நினைத்தே எழுதப்படுகின்றன. மீதிப் பாதியில் பல சமாச்சாரங்கள். ஏற்றிய முதல் ஓரிரு நாள் அது உங்கள் கோப்புகளையெல்லாம் எண்ணித் தேடலுக்கான அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும். பிழை எங்கே நடந்தது என்று குறித்துக்கொள்வதும், அந்தக் குறிப்பை நிறுவனத்துக்கு அனுப்புவதும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். திரைக்கு உரிய டிரைவர், அதாவது அதை இயக்கும் சிறு மென்பொருள், இன்னும் வந்திருக்காது. பொதுவான டிரைவரை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டெவ் போன்ற ஆரம்பப் படியில் இருந்தால், பல மாதங்களில் வாரத்துக்கு ஒன்று என்ற அளவில் புதிய பதிப்பு இறங்கும். ஒவ்வொன்றும் இயங்குதளத்தையே மறுபடி ஏற்றுவது போன்ற வேலை, பல ஜிபி. நல்லம்பள்ளி மாணவர் ஒருவர் கைபேசி டேட்டாவில், நாளுக்கு 1.5 ஜிபி கணக்கில், நான்கு நாள் பொறுமையாக இறக்கினார். ஐந்தாம் நாள் காலை அடுத்த பதிப்பு தயார் என்று திரையில் வந்தது. அவர் என்னிடம் கேட்டது, “அண்ணா, இதற்கு முடிவே இல்லையா?”

வேலை செய்கிற கணினியில் போடலாமா?

கூடாது.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிற நண்பர், லாரிகள் வரிசையில் நிற்கும் ஜூன் மாதத்தில் போட்டார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச அவர் விரும்புவதில்லை.

உங்களுக்கே இப்படி நடந்ததாமே?

நடந்தது. வைகாசி முகூர்த்தக் காலம். எதிர்வீட்டுப் பையன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் ஊருக்கு வருவான். “மாமா, இதைப் போட்டுப் பாருங்கள், பழையதைத் திரும்பியே பார்க்க மாட்டீர்கள்” என்றான். சனிக்கிழமை இரவு கடையின் முதன்மைக் கணினியிலேயே போட்டேன். மூலைகள் மழுங்கிய ஜன்னல்கள், பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும் கண்ணாடிப் பட்டை. சின்னப் பிள்ளைபோல ஒரு ஜன்னலைப் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துக்கொண்டு இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஞாயிறு காலை மாரண்டஅள்ளியிலிருந்து கல்யாண வீட்டார் ப்ரூஃப் பார்க்க வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தேன். ‘திருமண அழைப்பிதழ்’ இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள், நடுவே நடுவே அரைப்புள்ளிகள். டிடிபி தெரிந்தவர்களுக்கு இது புரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். எழுத்துரு கிடைக்காவிட்டால் வேஷம் கலைந்து ஆங்கிலம் தெரியும். யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. ஆனால் அச்சகத் தொழிலில் இருபது வருடக் கோப்புகள் பாமினியிலும் வானவில்லிலும் கிடக்கின்றன.

எழுத்துருவை மறுபடி நிறுவப் பார்த்தேன். ஏற்கெனவே இருக்கிறது என்றது. அழைப்பிதழை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் பட்டியலில் தேடினால் இல்லை. தாய்மாமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துண்டு நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். “நாங்கள் தமிழில்தானே எழுதிக் கொடுத்தோம்?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

நல்ல காலம், வெள்ளிக்கிழமையே ஒரு பிடிஎஃப் எடுத்து வைத்திருந்தேன். பிடிஎஃபுக்குள் எழுத்துருவும் சேர்ந்தே இருப்பதால் அது ஒழுங்காகத் திறந்தது. அச்சிடக் கொடுத்தால் பிரிண்டரில் ஆரஞ்சு விளக்கு மூன்று முறை சிமிட்டி அணைந்தது. டிரைவரைப் புதிய இயங்குதளம் ஏற்கவில்லை. பென்டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அவர் தூசி படிந்த பழைய கணினியில் சொருகி, ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, இரண்டு ரூபாய் என்றார். ஊருக்கெல்லாம் கணினி சரிசெய்கிறவன் இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிற்பகலில் வந்த மனு வானவில் அவ்வையார் எழுத்துருவில் இருந்தது. அதுவும் திறக்கவில்லை. அதியமான் ஆண்ட தகடூரில் அவ்வையாருக்கு இடமில்லை என்று ஒரு கணினி சொல்லிவிட்டது.

எனக்குப் பிடிக்காதது எல்லாம் இறுதிப் பதிப்பில் சரியாகிவிடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். உங்களை ஏமாற்றியது பிழையா, முடிவா என்று பாருங்கள். பிரிண்டர் ஓடவில்லை, எழுத்துரு தெரியவில்லை, மடிக்கணினி தூங்கினால் எழுவதில்லை என்பவை பிழைகள். இவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று பதிப்புகளில் தீரும். என் எழுத்துருச் சிக்கலும் அடுத்த மாதமே தீர்ந்தது. ஆனால் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று ஓர் அறையில் உட்கார்ந்து பேசி எடுத்திருந்தால், நீங்கள் எத்தனை மாதம் காத்திருந்தாலும் அது இறுதிப் பதிப்பிலும் இருக்காது.

விண்டோஸ் 8 நினைவிருக்கிறதா? 2012 பிப்ரவரி 29 அன்று வந்த நுகர்வோர் முன்னோட்டப் பதிப்பில் இடது மூலையிலிருந்த ஸ்டார்ட் பொத்தான் இல்லை. கணினியை எப்படி அணைப்பது என்று கேட்டு என் கடைக்கே நாலைந்து பேர் வந்தார்கள். “சோதனைப் பதிப்புதானே, இறுதியில் கொண்டுவந்துவிடுவார்கள்” என்று நானும் தைரியம் சொன்னேன். அக்டோபர் 26 அன்று விற்பனைக்கு வந்தபோதும் பொத்தான் இல்லை. 2013 அக்டோபரில் 8.1 வந்தபோது பொத்தான் திரும்பியது; அதை அழுத்தினால், பழைய பட்டியலுக்குப் பதிலாக விண்டோஸ் 8 கொண்டுவந்த, ஓடு பதித்ததுபோல் கட்டம் கட்டமான அதே முழுத்திரைதான் திறந்தது. பழைய மாதிரி பட்டியல் கிடைக்க 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வரவேண்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு மேல்.

விண்டோஸ் 11க்கும் கதை ஏறக்குறைய இதுதான். முதல் சோதனைப் பதிப்பு 2021 ஜூன் 28. கீழ்ப்பட்டையைத் திரையின் பக்கவாட்டுக்கு நகர்த்த முடியவில்லை, கோப்பை இழுத்துப் பட்டைமேல் போட முடியவில்லை என்று சோதித்தவர்கள் அன்றே கத்தினார்கள். அக்டோபர் 5 அன்று வெளியான இறுதிப் பதிப்பும் அப்படியே வந்தது. இழுத்துப் போடும் வசதி 2022இல் திரும்பியது. ஒவ்வொரு ஜன்னலையும் பெயரோடு தனித்தனியாகப் பட்டையில் காட்டும் வழக்கம் திரும்ப 2023 ஆனது.

கத்தியதற்குப் பலன் கிடைத்த கதையும் உண்டு. ஆப்பிள், மேக் ஓஎஸ் எக்ஸ் பொதுச் சோதனைப் பதிப்பை 2000 செப்டம்பர் 13 அன்று 29.95 டாலருக்கு விற்றது. ஆம், சோதனைப் பதிப்பைக் காசுக்கு விற்றார்கள். பல வருடமாக இடது மூலையில் இருந்த ஆப்பிள் பட்டியலைக் காணோம். ஆப்பிள் சின்னம் மட்டும் மேல்பட்டையின் நடுவில் அலங்காரமாக உட்கார்ந்திருந்தது, அழுத்தினால் ஒன்றும் நடக்காது. வாங்கியவர்கள் பொறுக்கவில்லை. 2001 மார்ச் 24 அன்று 10.0 வந்தபோது சின்னம் இடது மூலைக்குத் திரும்பியது, பட்டியலோடு.

பிழையையும் முடிவையும் நான் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான்: அறிமுக விழாவில் அதைப் பெருமையாகக் காட்டினார்களா என்று பார்ப்பேன். காட்டியிருந்தால் முடிவு. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

சோதனைப் பதிப்பில் பிடித்துப்போன வசதி இறுதியில் காணாமல் போகுமா?

போகும். இந்த ஏமாற்றம் இன்னும் மோசமானது. லாங்ஹார்ன் என்ற பெயரில் 2003 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் காட்டிய முன்னோட்டத்தில், கோப்புகளைத் தரவுத்தளம்போலத் தேடித் தரும் வின்எஃப்எஸ் என்ற ஏற்பாடு பெரிதாகப் பேசப்பட்டது. 2004 ஆகஸ்டில் அதை விலக்கிவிட்டார்கள். அந்த இயங்குதளம் விஸ்டா என்ற பெயரில் 2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்தபோது வின்எஃப்எஸ் அதில் இல்லை. பல மென்பொருள்களை ஒரே ஜன்னலில் தாவல்களாக வைக்கும் ‘செட்ஸ்’ வசதியை 2018இல் விண்டோஸ் 10 சோதனையாளர்கள் மாதக்கணக்கில் பயன்படுத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெளியீட்டுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள், பிறகு வரவே இல்லை.

நாம் சொன்னால் கேட்பார்களா? தருமபுரியிலிருந்து ஒருவர் எழுதி என்ன ஆகப்போகிறது?

எழுதும் விதத்தைப் பொறுத்தது. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 மேம்படுத்தல், சிலருடைய ஆவணங்கள் கோப்புறையிலிருந்த கோப்புகளையே அழித்தது. கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றி, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டுவைத்தவர்களுக்கு நேர்ந்தது அது. சில நாளில் வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி விட்டார்கள். இதில் வயிறு எரியும் விஷயம், சோதனைக் காலத்திலேயே சிலர் இதைப் புகாராக எழுதியிருந்தார்கள் என்பது. ‘ஐகான் நிறம் பிடிக்கவில்லை’ வகைப் புகார்களுக்கு அடியில் அவை புதைந்துபோயின. அதன்பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிக்கும் வசதியைப் புகார்ப் படிவத்தில் சேர்த்தார்கள்.

ஆகவே ‘தமிழ் வரவில்லை, படுமோசம்’ என்று எழுதினால் அது எங்கும் போகாது. எந்தப் பதிப்பு எண், எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, எந்த விசையை அழுத்தினீர்கள், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று எழுதுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் ‘க்ஷ’ அடித்தால் உடைந்து வருகிறதா, ‘கொ’வில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா, திரையைப் படம் பிடித்துச் சேர்த்து அனுப்புங்கள். தயாரிக்கிறவர்கள் ஆங்கிலத்தை ஆயிரம் முறை சோதித்துவிடுவார்கள். நம்மூர்க் கடைகளில் இருக்கும் கைரேகைக் கருவியைச் சொருகிப் பார்க்க அவர்களிடம் ஆள் கிடையாது. அந்தப் புகார் நம்மிடமிருந்து போகாவிட்டால் வேறு எங்கிருந்தும் போகாது.

பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா?

விண்டோஸில் மேம்படுத்திய 10 நாளுக்குள் என்றால், அமைப்புகளில் மீட்புப் பகுதிக்குப் போய்த் திரும்பலாம். 10 நாள் முடிவதற்குள் ஒரு கட்டளை கொடுத்து அதை 60 நாள்வரை நீட்டிக்கவும் முடியும். பழைய இயங்குதளம் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில் தூங்கிக்கொண்டிருக்கும். சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று அதை அழித்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் மாதம் இருவராவது உண்டு. அழித்தால் வழி அடைந்தது. கேனரி, டெவ் படிகளிலிருந்து வெளியேற நாள் கடந்துவிட்டால் முழுக்கத் துடைத்துப் புதிதாகப் போடுவதுதான் வழி.

மேக்கில் வட்டை அழித்து, பழையதை ஏற்றி, முன்பே எடுத்த பேக்கப்பிலிருந்து கோப்புகளைக் கொண்டுவர வேண்டும். உபுண்டுவில் பின்னால் போகும் பாதையே கிடையாது, புதிதாக நிறுவுவதுதான்.

பேக்கப் எடுத்தீர்களா என்று நான் கேட்கும்போது வரும் மௌனம் எல்லா ஊர்க்காரர்களிடமும் ஒன்றுபோல இருக்கிறது.

அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டினால் என்ன?

சோதனைப் பதிப்புக்கு ஆயுள் உண்டு. விண்டோஸ் 7 பீட்டா 2009 ஜூலை 1 முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து, ஆகஸ்ட் 1 அன்று காலாவதியானது. மேலே சொன்ன மேக் சோதனைப் பதிப்பு 2001 மே 14 வரைதான் ஓடியது.

சோதனைப் பதிப்பு என் பழைய கணினியில் ஏறியது. இறுதிப் பதிப்பும் ஏறும்தானே?

அந்த நம்பிக்கையில் இருந்தவர்களுக்குத்தான் 2021இல் அடி விழுந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். சோதனைக் காலத்தில் தகுதியில்லாத சில கணினிகளையும் ஓட விட்டார்கள். வெளியீடு நெருங்கியதும், உங்கள் கணினிக்குத் தகுதியில்லை, விண்டோஸ் 10க்குத் திரும்புங்கள் என்று அறிவிப்பு வந்தது. மாதக்கணக்கில் இலவசமாகச் சோதித்துக் கொடுத்தவர்களுக்கு அது கிடைத்த நன்றி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேருந்து நிலையம் அருகே பென்டிரைவில் போட்டு விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அதிகாரபூர்வமாக இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் காசு? விண்டோஸ் 11 அறிவிப்புக்கு முன்பே, 2021 ஜூனில், ஒரு பதிப்பு கசிந்து ஊரெல்லாம் சுற்றியது. அப்படிக் கைமாறி வருவதற்குள் யார் எதைச் சேர்த்தார்கள் என்று பார்க்க வழியில்லை. உங்கள் வங்கிக் கணக்கு திறக்கும் கணினி அது.

லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை இல்லையாமே?

சோதனைப் பதிப்பு என்றால் எல்லா ஊரிலும் சோதனைப் பதிப்புதான். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நிலையற்ற கிளைக்கு, ‘டாய் ஸ்டோரி’ படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனான ‘சிட்’டின் பெயரையே வைத்து எச்சரித்திருக்கிறார்கள். லினக்ஸின் வசதி வேறு இடத்தில் இருக்கிறது: பெரும்பாலானவற்றை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் எடுக்கிறதா, வைஃபை வருகிறதா என்று அரை மணியில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பென்டிரைவை உருவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். விண்டோஸுக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் கணினிக்குள் ஒரு கணினி வைத்து ஓட்டலாம். ராம் 8 ஜிபிக்குக் குறைந்தால் அந்த ஆசையும் வேண்டாம்.

இவ்வளவு திட்டுகிறீர்களே, உங்கள் கடையில் இப்போது என்ன ஓடுகிறது?

முன்மேசைக் கணினியில் பழைய நிலையான பதிப்பு. அதில் பாமினி தெரிகிறது, பிரிண்டர் ஓடுகிறது, வேறென்ன வேண்டும். பின் அலமாரியில், வாடிக்கையாளர் ஒருவர் எடுத்துக்கொள்ளாமல் விட்டுப்போன மடிக்கணினியில் தனி எஸ்எஸ்டி போட்டுச் சோதனைப் பதிப்பு வைத்திருக்கிறேன். மூடியில் ‘தொடாதே’ என்று ஒட்டியிருக்கிறது. ஓசூர்ப் பையனுக்காக ஒட்டியது. ஞாயிறுதோறும் கடை திறப்பதற்கு முன் புதிய பதிப்பை ஏற்றி, எழுத்துரு, பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி என்று வரிசையாகச் சொருகிப் பார்த்து, ஓடாததைப் புகாராக எழுதுகிறேன். நான்கு முறை எழுதிய பிறகு போன வாரப் பதிப்பில் கைரேகைக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. என் கட்டைவிரலை வைத்ததும் எடுத்துக்கொண்டது. அதே பதிப்பில் ஸ்பீக்கர் போய்விட்டது. ஐந்தாவது புகாரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.